குடும்ப நேரம்

சிசிலியா அக்கா எங்களுக்குக் கீழ்வீடு. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு நர்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடி, அப்பா கடலில் சங்கு குளித்தவர். வீட்டுக்காரர் மதலைமுத்து அண்ணன் மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். ஒரே பெண் அக்னஸ். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், அப்போது பதிமூன்று வயது. தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

நான் தங்கம். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. சிசிலியா அக்கா மாதிரி ஒரு பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. தண்ணி வராத அன்றைக்கு லாரிக்காரனிடம் இந்தியில் சண்டை போட்டு முதல் வாளியைப் பிடிப்பது அவர்தான். பிடித்ததை எனக்குப் பாதி ஊற்றிவிட்டுப் போவதும் அவர்தான்.

ஏஷியாடு விளையாட்டுப் போட்டிக்காக எண்பத்திரண்டில் ஊரெல்லாம் மேம்பாலமும் ஸ்டேடியமும் கட்டினார்கள். அந்தச் சூட்டில் எங்கள் குடியிருப்பு கிளப்புக்கும் ஒரு நீச்சல் குளம் கிடைத்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் திறந்தார்கள். வார நாட்களில் ஆண்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை 'குடும்ப நேரம்'.

குடும்ப நேரம் என்றால் என்ன நடக்கும் தெரியுமா? புருஷர்களும் பையன்களும் தண்ணியில் குதிப்பார்கள். பொம்மனாட்டிகள் நாங்கள் சிமெண்டு பெஞ்சில் வரிசையாகத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்கில் டீயோடு உட்கார்ந்திருப்போம். சின்னக் குழந்தைகள் ஆழமில்லாத பக்கம் விளையாடும். என் ஆறு வயதுப் பெண்ணும் அதில் ஒருத்தி. மேலே காற்றுகூட வராது. மே மாத டெல்லி வெயிலில் இரண்டு மணி நேரம் அடுத்தவர்கள் குளிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்களில் இறங்கியது அக்னஸ் ஒருத்திதான். அவள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் அணிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடமே கொடுத்த கருநீல நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வருவாள், தலைகீழாகப் பாய்ந்தால் அந்தக் கரையில்தான் எழுவாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வாசலில் புதுப் பலகை தொங்கியது. 'பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்கள் நீச்சல் உடையில் இறங்கக் கூடாது. உடம்பை மூடிய, குடும்பப் பாங்கான உடை அணிய வேண்டும். செயலாளர்.' இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. செயலாளர் ராஜகோபாலன் சார், நம் தமிழர்தான். மதலைமுத்து அண்ணனின் ஆபீஸில் அவருக்கு நேர் மேலதிகாரியும் அவரே.

காவலுக்கு நிற்கும் சத்பீர், ஹரியானாக்காரர், அக்னஸை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவள் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு வந்தாள். சத்பீர் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு குளத்துக்குப் பக்கத்திலிருந்த பழைய பலகையைக் காட்டினார். அது கட்டின நாளிலிருந்து இருப்பது. 'பருத்தித் துணியோடு, சேலை, சல்வாரோடு இறங்கக் கூடாது. நூல் பிரிந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.'

அக்னஸ் இரண்டு பலகைக்கும் நடுவில் சல்வாரோடு நின்றாள். அழவில்லை. காது மட்டும் சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து சிசிலியா அக்கா டூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு நேராக அங்கே வந்தார். இரண்டு பலகையையும் நிதானமாகப் படித்தார். ராஜகோபாலன் சார் நாற்காலி போட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் போனார்.

"சார், நீச்சல் உடை போட்டா அந்தப் போர்டு தடுக்குது. சல்வார் போட்டா இந்தப் போர்டு தடுக்குது. எம்புள்ள எதைப் போட்டுக்கிட்டு எறங்கணும்?"

"சிஸ்டர், எனக்கு ஏழு கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கு. நாலு குடும்பம் வர்ற இடம். வயசுக்கு வந்த பொண்ணு அப்படி நிக்கறது நன்னாவா இருக்கு? அதுவும் நம்ம தமிழ்ப் பொண்ணு. டெல்லியில நமக்குன்னு ஒரு பேர் இருக்கோல்லியோ."

"அது சரி சார். நான் கேட்டது எதைப் போடணும்னு."

அவர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, சிரித்தால் நன்றாகவே இருப்பார். "எதுக்கு எறங்கணும்? கரையில உட்காரட்டுமே. நம்ம லேடீஸ் எல்லாரும் சந்தோஷமாத்தானே உட்கார்ந்திருக்கா?" என்று எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு பெண்கள், மடியில் துண்டோடு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வாரம் முழுக்கக் கீழ்வீட்டில் தையல் மிஷின் சத்தம். சரோஜினி நகர் மார்க்கெட்டிலிருந்து கறுப்பு நைலான் துணி வாங்கி வந்திருந்தார் அக்கா. முழுக்கை, கழுத்து வரை பொத்தான், முட்டிக்குக் கீழே இறங்கும் கால்சட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடை மடிப்பு. அக்னஸுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. வியாழக்கிழமை நான் இறங்கிப் போனபோது மதலைமுத்து அண்ணன் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீயாவது சொல்லு தங்கம். இது சி.ஆர். எழுதுத மாசம். என் வருஷ ரிப்போர்ட்ட எழுதப் போறது அவருதான். அவருகிட்டப் போயி வம்பு பண்ணணுமா? வெறும் தண்ணிக்காவ?"

அக்கா மிஷினை நிறுத்தினார்.

"வெறும் தண்ணிதான். அப்ப அவரு ஏன் விட மாட்டேங்காரு?"

"ஊரு என்ன பேசும்?"

"நான் ஒரு விதியையும் மீறலிங்க. மூடணும்னு எழுதியிருக்கு, மூடியிருக்கேன். பருத்தி வேண்டாம்னு எழுதியிருக்கு, இது நைலான். இனிமே அவருக்கு என்ன வேணும்னு அவரு வாயால சொல்லட்டும். அதைக் கேக்கத்தான் போறேன்."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா மறுபடி மிதியை மிதிக்க ஆரம்பித்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "நீங்களும் இறங்கப் போறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஏன், எனக்கு வயசு நாப்பதுதான் ஆவுது. கடலையே பாத்தவளுக்கு இது தொட்டி."

ஞாயிற்றுக்கிழமை நாலேகாலுக்குத் தாயும் மகளும் வந்தார்கள். மேலே துண்டைக்கூடப் போர்த்திக்கொள்ளவில்லை. சத்பீர் வாசல் பலகையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், அக்காவின் சட்டைக்கையை இரண்டு விரலால் தொட்டுப் பார்க்கப் போய், மரியாதைக்குக் கையை இழுத்துக்கொண்டார். "நைலான் ஹை?" என்றார். "நைலான்," என்றார் அக்கா. சத்பீர் வழிவிட்டார்.

அக்கா ஏணிப் பக்கமே போகவில்லை. ஆழமான கரையில் நின்று கைகூப்புகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்தார், அவ்வளவுதான் தெரிந்தது. சத்தமே இல்லாமல் உள்ளே போனார். அக்னஸும் பின்னாலேயே பாய்ந்தாள். குளத்தின் பாதியில் அவர் தலை தெரிந்தபோது பெஞ்சிலிருந்த ஒரு பஞ்சாபி அம்மாள் "வாஹ்!" என்று கத்திவிட்டாள். அக்காவின் நீச்சல் அக்னஸுடையது மாதிரி பள்ளிக்கூடத்து நீச்சல் இல்லை. ஒருக்களித்து, தண்ணியைத் தன் பக்கம் வாரி இழுக்கிற நீச்சல். அவசரமே இல்லை. அத்தனை ஆண்களும் ஒதுங்கிப் போனார்கள்.

இருபது நிமிஷம் இருக்கும், ராஜகோபாலன் சாருக்கு ஆள் போய் அவர் வேகமாக வந்தார்.

"சிஸ்டர்! என்ன இது? வெளியில வாங்கோ!"

"எந்த விதிப்படி சார்?" அக்கா நடுக்குளத்தில் நின்ற நீச்சலிலேயே கேட்டார்.

"மூடின டிரெஸ்னு போட்டிருக்கு."

"மூடித்தானே இருக்கு. கழுத்துவரைக்கும்."

"நனைஞ்சா ஒட்டறதும்மா! எல்லாம் தெரியறது!"

"நனையாம எப்பிடி சார் நீந்துதது?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சாரின் முகம் மாறியது. அதற்குப் பிறகு அவருக்குக் கோபம் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அக்கா கரைப் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "சார், ஒட்டுது, தெரியுதுன்னு சொல்லுதீங்கள்ல, அந்த ஓரமா நிக்காரே பெரிய சார், அவரு போட்டிருக்கது நீச்சல் உடையா? வெள்ளை ஜட்டி. நனைஞ்சா அது என்ன ஆவும்னு நான் சொல்லணுமா? அவரு பக்கத்துல நிக்கவரு பட்டாபட்டி அண்டர்வேர். நான் நர்ஸு, எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா இந்தப் பொம்பளைங்க எல்லாரும் நாலு வாரமா அதைப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்காங்க. அவங்ககிட்டேர்ந்து எத்தன கம்ப்ளெய்ண்ட் வந்துச்சு?"

ஓரமாக நின்ற பெரிய சார் மெதுவாகக் கழுத்துவரை தண்ணிக்குள் உட்கார்ந்தார். நான் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டேன். பஞ்சாபி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்கா கை காட்டின திசையைப் பார்த்தே புரிந்துகொண்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ராஜகோபாலன் சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கிளப் நோட்டில் நின்றபடியே எழுதி, உரக்க வாசித்தார்: "குடும்ப நேரத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்கள் குளத்தில் இறங்க அனுமதி இல்லை." கையெழுத்தையும் போட்டார்.

"இப்பதான் சார் உண்மையச் சொல்லியிருக்கீங்க," என்றார் அக்கா. "உடுப்புல ஒண்ணும் இல்ல. நாங்க எறங்கக் கூடாது, அவ்வளவுதான். அப்ப ஒண்ணு கேக்குதேன். குடும்ப நேரம்னு பேரு வச்சிருக்கீங்களே, அந்தக் குடும்பத்துல நாங்க யாரு?"

அவர் சத்பீரைப் பார்த்து விசில் ஊதச் சொன்னார். ஆண்கள், குழந்தைகள் எல்லாரும் ஏறினார்கள். அக்கா கம்பியை விட்டுவிட்டு மல்லாந்து மிதந்தார். அக்னஸ் ஒரு நொடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவளும் பக்கத்தில் போய் மிதந்தாள்.

"தண்ணியைத் தொறந்து விடு," என்றார் சார். "க்ளீனிங். குளம் மூடியாச்சு."

சத்பீர் திடுக்கிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதான் நிரப்பினது, காலனியில் வீட்டுக் குழாயிலேயே தண்ணி வரவில்லை, இதைக் கொட்டினால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள் என்று இந்தியில் கெஞ்சினார். "ஜல்தி கரோ!" என்று சார் அவசரப்படுத்திக் கத்தினார். சத்பீர் பம்ப் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் குளத்தின் அடியிலிருந்து குழாய் உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

காலியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சட்டை மாட்டிக்கொண்ட ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நடுவில் இரண்டு கறுப்பு உருவங்கள் வானத்தைப் பார்த்து மிதந்துகொண்டிருந்தன.

மதலைமுத்து அண்ணனைக் கூட்டி வர ஆள் போனது. அண்ணன் வந்து கரையில் நின்றார்.

"மதலைமுத்து, கூப்பிடுங்கோ உங்க ஆத்துக்காரியை," என்றார் சார், ஆபீஸ் குரலில்.

அண்ணன் குளத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சார்," என்றார். "கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அவ நீந்துதத நான் இன்னைக்குத்தான் பாக்கேன். செத்த நேரம் பாத்துக்கிடுதேன் சார்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு, கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணிக்குள் விட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது.

நான் ஏன் எழுந்தேன் என்று கேட்டால் அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. 'நம்ம லேடீஸ் எல்லாரும் சந்தோஷமாத்தானே உட்கார்ந்திருக்கா' என்று போன வாரம் சார் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அது ஒரு வாரமாகத் உறுத்திக்கொண்டே இருந்தது. துண்டைப் பெஞ்சில் வைத்தேன். அன்றைக்கு நான் கட்டியிருந்தது ஊதா நைலக்ஸ் புடவை. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆழமில்லாத பக்கத்துப் படியில் கால் வைத்தேன்.

"தங்கம்!" என்றார் என் வீட்டுக்காரர் பாலசுப்ரமணியம், அந்தப் பக்கத்திலிருந்து. அவர் அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டால் நான் நின்றுவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"நைலக்ஸ்தாங்க, பருத்தி இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் இறங்கினேன்.

தண்ணி இடுப்புக்கு வந்தது. அந்தக் குளுமையை நான் எப்படிச் சொல்லுவேன்! நாலு வாரமாக அதற்குப் பத்தடி தள்ளி வெந்துகொண்டிருந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். பஞ்சாபி அம்மாள், சல்வாரோடு. அவளைத் தொடர்ந்து ஒரு வங்காளி டீச்சர். பிறகு எண்ணவில்லை. பருத்தியா நைலானா என்று சத்பீரும் பார்க்கவில்லை, திரும்பி நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளப்பைக் கூட்டிப் பெருக்கும் பவுனு துடைப்பத்தோடு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரி, ரயில் பாதையோரக் குடிசையில் இருந்தாள். "நீயும் வா பவுனு!" என்று அக்கா கூப்பிட்டார்.

"நான் மெம்பரு இல்லக்கா," என்றாள் பவுனு. "இதை நாளைக்கு முட்டி போட்டுத் தேய்க்கப் போறவ நான்தான். நீங்க நல்லா ஆடுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்காவின் முகம் சட்டென்று வாடிவிட்டது.

தண்ணி இடுப்பிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து முட்டிக்கு இறங்கியது. எங்கள் பக்கம் தரை தெரிந்ததும் நாங்கள் ஆழமான பக்கம் நகர்ந்தோம். ராஜகோபாலன் சார் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழு மணி சுமாருக்கு, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் கணுக்கால் தண்ணியில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தோம். குழாய் கடைசியாக ஒரு தடவை கொர்ரென்று இழுத்து அடங்கியது.

அக்கா ஏணியில் ஏறி அவர் முன்னால் போய் நின்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வருவோம் சார்."

"தண்ணி இருக்காது," என்றார் அவர்.

"அப்ப வெறும் தரையில நிப்போம்."

நின்றோம். காய்ந்த குளத்துக்குள், சூடு ஏறின தரையில் இறங்கி இரண்டு மணி நேரம். மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஆண்களுக்கு முதலில் எங்கள் மேல்தான் கோபம், எங்களால் குளம் போயிற்று என்று. ஆனால் காலனி முழுக்கக் குடிக்கத் தண்ணி இல்லாத வாரத்தில் ஒரு குளத்துத் தண்ணியைச் சாக்கடையில் விட்டது யார் என்ற கேள்வி மெதுவாக எல்லார் வீட்டிலும் கிளம்பியது. கிளப்பில் குடும்ப உறுப்பினர் என்றால் மனைவிக்கும் ஓட்டு உண்டு என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்ததும் அக்காதான். பொதுக்குழுவுக்கு நாங்கள் எல்லாரும் போய்க் கை தூக்கினோம். என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவர் என்னோடு பேசி எட்டு நாள் ஆகியிருந்தது.

இரண்டு பலகையும், நோட்டில் எழுதின விதியும் போயிற்று. ஒரே பலகை வந்தது. 'ஆணோ பெண்ணோ, எந்த வயதானாலும், நீச்சலுக்கான நைலான் உடை அணிந்தே இறங்க வேண்டும். உள்ளாடையோடு இறங்கக் கூடாது.' எவ்வளவு நீளம், எவ்வளவு மூடியது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அது அவரவர் இஷ்டம். ராஜகோபாலன் சார் செயலாளர் பதவியை விட்டுவிட்டார். பவுனுவுக்காக அக்கா கொண்டுவந்த தீர்மானம், கிளப் வேலைக்காரர்களுக்கும் ஒரு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது, தோற்றுப்போனது. எங்களோடு குளத்தில் நின்றவர்களிலேயே பாதிப் பேர் அதற்குக் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன், ஆனால் அது போதவில்லை.

மதலைமுத்து அண்ணனின் சி.ஆரில் சார் 'சுமார்' என்று எழுதினார். பிரமோஷன் இரண்டு வருஷம் தள்ளிப் போயிற்று. அதைப் பற்றி அண்ணன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று அக்காவே என்னிடம் சொன்னார். சொல்லும்போது அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஜூனில் குளம் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அக்னஸ் பழையபடி கருநீல உடையில் வந்து குதித்தாள். நான் அக்கா தைத்துக் கொடுத்த கறுப்பு உடையில் போனேன். நாலடி ஆழத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கச் சொல்லிவிட்டு அக்கா அந்தப் பக்கம் போயிருந்தார். நான் உதைத்துக்கொண்டிருந்தேன். மூக்கில், காதில் எல்லாம் தண்ணி. கம்பியை ஒட்டியே நீளவாட்டில் நீந்தி வந்த ஒரு தடிமனான ஆள் என் முன்னால் வந்து நின்றார். புத்தம் புது நீச்சல் உடை, வேண்டாவெறுப்பாக வாங்கினது என்று பார்த்தாலே தெரிந்தது.

"பெஹன்ஜி, குழந்தைங்க பக்கம் போய்க் கத்துக்கோங்க. இது நீந்தறவங்க வழி," என்றார் இந்தியில்.

நான் கம்பியை விடவில்லை. காலை உதைப்பதையும் நிறுத்தவில்லை.

"நீந்தத்தான் வந்திருக்கேன்," என்றேன். "நீங்க சுத்திப் போங்க."

அவர் ஒரு கையால் கண்ணிலிருந்த தண்ணியைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுற்றிக்கொண்டு போனார்.